குதிரைக்குப் பூச்சி மருந்து, நாய்க்கு நஞ்சு: ஒரு தோட்டத்து நிகழ்வு ஆய்வு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள், ஓட்டிக் காட்டச் சொல்லி நடை பார்ப்பார்கள். கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்கிறவர் அரிது. அதனால் வாங்கி வந்த குதிரைக்குத் தோட்டத்தில் நடக்கும் முதல் வைத்தியம் பெரும்பாலும் குடற்புழு நீக்கம்தான். அந்த வைத்தியம் நடந்த நாளில் குதிரைகளுக்கு ஒன்றும் ஆகாமல், வாசலில் படுத்திருந்த சின்ன நாய்கள் இரண்டு உயிருக்குப் போராடியதைப் பற்றியது இந்த ஆய்வு.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதையல்ல. குதிரையும் சின்ன நாயும் சேர்ந்து வாழும் தோட்டங்களில் இந்த விபத்து எப்படி நடக்குமோ அப்படியே கோத்து எழுதிய மாதிரி நிகழ்வு. மருந்தின் அளவுகளும் உடம்பில் அது செய்யும் வேலையும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

தோட்டத்தில் இருந்தவை

சந்தையில் வாங்கிய செவலைப் பெட்டை ஒன்று, ஏற்கெனவே இருந்த பஞ்சகல்யாணி ஒன்று, பிள்ளைகள் ஏறிப் பழக ஒரு மட்டக்குதிரை. மாட்டுக் கட்டுத்தரையை ஒட்டியே லாயம். சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஆத்தா, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். நாய்கள் இரண்டு: 5 கிலோ எடையுள்ள பொமரேனியன் மணி, 6 கிலோ எடையுள்ள டேஷ் (டாக்ஸ்ஹண்ட்) வகை ஜூலி. இரண்டும் குதிரையின் காலடியிலேயே கிடந்து பழகியவை. குதிரை லத்தியை மோப்பம் பிடிப்பதும், காடியிலிருந்து சிந்தும் கொள்ளைப் பொறுக்கித் தின்பதும் அவற்றின் அன்றாடம்.

மருந்து, 1.87 சதவீத ஐவர்மெக்டின் பேஸ்ட். 6.42 கிராம் கொண்ட சிரிஞ்சு ஒன்று 600 கிலோ எடைக்குப் போதும். தண்டில் 100 கிலோவுக்கு ஒரு கோடு; வளையத்தைத் திருகி வேண்டிய கோட்டில் நிறுத்திவிட்டு அழுத்தினால் அவ்வளவுதான் வெளியே வரும். ஒரு கோடு என்பது 1.07 கிராம் பேஸ்ட், அதனுள் 20 மில்லிகிராம் மருந்து. குதிரைக்குக் கணக்கு, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். இந்த 20 என்ற எண்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

காலை ஏழு மணி

ஞாயிற்றுக்கிழமை. உதவிக்கு மகனின் நண்பர்கள் இரண்டு பேர், பக்கத்துத் தோட்டத்து மாமா. குதிரைகளுக்குச் சோளத்தட்டு போட்டாகிவிட்டது, மூன்றும் மென்றுகொண்டிருந்தன. எடை யாரும் அளக்கவில்லை.

“ஏனுங் மாமா, செவலை நானூறு வருமுங்களா?”

“முன்னூறுதான் இருக்கும் மாப்ள. எதுக்கும் நானூறுலயே வெய்யி.”

டேப்பு ஒன்று இருந்திருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ. செவலைக்குச் சுற்றளவு 160, நீளம் 150; எடை 323 கிலோ. அதற்கு வேண்டியது 64.6 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 3.45 கிராம் பேஸ்ட்.

நானூறில் வைத்ததால் 80 மில்லிகிராம் வாய்க்குள் போனது. இது தவறான அளவுதான், ஆனால் குதிரைக்கு ஆபத்தான அளவல்ல. குதிரை இதைவிடப் பல மடங்கைத் தாங்கும். விபத்துக்கு வழி விட்டது வேறொன்று: வாயில் இருந்த சோளத்தட்டு.

பேஸ்ட் நாக்கின் பின்பகுதியில் ஒட்டினால்தான் குதிரை விழுங்கும். வாயில் தீனி இருந்தால் பேஸ்ட் அதன் மேல் படியும். குதிரை நாக்கைச் சுழற்றி, தீனியோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். செவலை அதைத்தான் செய்தது. தலையை ஒருமுறை உதறியது, மெல்வது போல் தாடையை ஆட்டியது. கீழுதட்டில் ஒரு நொடி தொங்கிய வெள்ளைக் கட்டி மண்ணில் விழுந்தது. சுமார் ஒரு கிராம், கிட்டத்தட்ட ஒரு கோட்டு அளவு. எல்லோர் கண்ணும் அடுத்த குதிரையின் மேல் இருந்தது. பல பேஸ்ட்டுகளில் குதிரை விரும்பும்படி ஆப்பிள் சுவை சேர்த்திருப்பார்கள். ஜூலி மண்ணோடு நக்கித் தீர்த்தது.

பஞ்சகல்யாணிக்கு நானூறு, மட்டக்குதிரைக்கு இருநூறு என்று இரண்டாவது சிரிஞ்சு காலியானது. முதல் சிரிஞ்சில் இரண்டு கோடு, அதாவது 2.14 கிராம், மிச்சம். அதை மூடி போடாமல் காடியின் விளிம்பில் வைத்துவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொண்டு இட்லிக்குப் போனார்கள். சிரிஞ்சு எப்போது கீழே விழுந்தது, மணி எப்போது அதைக் கவ்விக்கொண்டு மாமரத்தடிக்குப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

நாயின் எடையில் அந்தக் கட்டி

ஜூலி நக்கியது ஏறக்குறைய 18.7 மில்லிகிராம். 6 கிலோ உடம்பில் அது கிலோவுக்கு 3.1 மில்லிகிராம். மணி கடித்த சிரிஞ்சில் 1.6 கிராம் குறைந்திருந்தது. 30 மில்லிகிராம், 5 கிலோ உடம்பில் கிலோவுக்கு 6. நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் அளவு கிலோவுக்கு 0.006 மில்லிகிராம். மணி உடம்பில் ஏறியது அதைப் போல ஆயிரம் மடங்கு.

பரிசோதனையில் பீகிள் நாய்களுக்குக் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமில் கண்மணி விரிந்தது, 5 மில்லிகிராமைத் தாண்டியபோது நடுக்கம் வந்தது. ஜூலி முதல் படியைத் தாண்டியிருந்தது, மணி இரண்டாவதை. அன்று மதியம் இரண்டும் காட்டிய அறிகுறிகள் இந்தப் படிகளோடு பொருந்தியே போயின.

இந்த மருந்து புழுவைக் கொல்வது, அதன் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வழிகளைத் திறந்தே வைத்து முடக்குவதால். புழுவில் இருக்கும் அந்த வகை வழி பாலூட்டிகளிடம் இல்லை. ஆனால் மூளையில் காபா என்ற வேதிப்பொருளுக்குக் கட்டுப்பட்ட குளோரைடு வழிகள் உண்டு. மருந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவற்றையும் பிடிக்கும். சேரவிடாமல் தடுப்பது மூளை ரத்தநாளங்களின் சுவரில் இருக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன். உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும் பம்பு அது. கிணற்றில் ஊற்று பெருகும்போது மோட்டார் எவ்வளவு ஓடினாலும் நீர்மட்டம் ஏறுவதைப் போல, மருந்து அளவுக்கு மீறினால் பம்பு தோற்றுவிடும்.

சில நாய்களில் அந்தப் பம்பே பழுது. கோலி இன நாய்கள் ஐவர்மெக்டினுக்குச் சுருண்டு விழுவது 1980களிலேயே தெரிந்திருந்தது, எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு சிறு வெட்டுதான் காரணம் என்பது 2001இல் தெரியவந்தது. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், சின்ன உருவம் கொண்ட ஷெட்லாண்ட் ஷீப்டாக், இவற்றின் கலப்புகள் எல்லாவற்றிலும் இது வரலாம். இப்படிப்பட்ட நாய்க்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமே அறிகுறி காட்டப் போதும். 6 கிலோ ஷெட்லாண்டு என்றால் 0.6 மில்லிகிராம், பேஸ்ட்டில் அது ஓர் அரிசிமணி அளவுதான். பொமரேனியனும் டேஷும் இந்தப் பட்டியலில் வருவதில்லை. மணியும் ஜூலியும் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பம்பு நன்றாக இருக்கும் நாயிலும் சில மருந்துகள் அதை அடைத்துவிடும்: படர்தாமரைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், தெள்ளுப்பூச்சிக்குக் கொடுக்கும் ஸ்பினோசாட். நாய் இவற்றில் எதையாவது சாப்பிட்டு வருகிறதென்றால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகவே சொல்ல வேண்டும்.

மதியம்: எது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது

பதினொன்றரை மணிக்கு மணி சோற்றைத் தொடவில்லை. பன்னிரண்டரைக்குப் பின்னங்கால் பின்னிக்கொண்டது. வாயோரம் எச்சில் கயிறாக ஒழுகியது. வாசல் திண்ணையில் முட்டிக்கொண்டு நின்றது. வழி தெரியாமல் அல்ல, கண் தெரியாமல்.

“பூச்சி ஏதாச்சும் தொட்டிருக்குமாட்ட இருக்குது கண்ணு” என்றார் ஆத்தா. பாம்பைத்தான் சொன்னார். காலையில் பூச்சி மருந்து கொடுத்த வீட்டில் மதியம் பூச்சி என்றால் பாம்பு. அந்த ஒரே சொல் காலையில் நடந்ததை நினைவூட்டியிருக்கலாம். நினைவூட்டவில்லை. ஒன்றரை மணி நேரம் கடிவாயைத் தேடுவதில் போனது.

ஆத்தா நினைத்ததில் பிழையில்லை. கட்டுவிரியனும் நாகமும் நரம்பைத்தான் தாக்கும். தள்ளாட்டம், ஒழுகும் எச்சில், விரிந்த கண்மணி எல்லாம் அதிலும் வரும். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியிலும் எச்சிலும் நடுக்கமும் உண்டு. ஆனால் ஆர்கனோபாஸ்பேட் வகையில் கண்மணி பெரும்பாலும் ஊசிமுனையாகச் சுருங்கும். ஐவர்மெக்டினில் விரியும். வெயிலில் நின்றும் மணியின் கண்ணில் கறுப்பு வட்டம் அகன்றே இருந்தது. டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. கண்ணுக்கு நேரே கையை வீசியபோது இமைக்கவில்லை. இந்த இரண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் இவற்றை வைத்துப் பாம்புக்கடி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வண்டி ஏறத்தான் வேண்டும்.

இரண்டு மணிக்குப் பையன் மாமரத்தடியில் பல்தடம் விழுந்த சிரிஞ்சைக் கண்டெடுத்தான். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூடியையும் அட்டையையும் சிரிஞ்சையும் ஒரு கவரில் போட்டு நாயோடு கொண்டு போனது இந்த நாளில் செய்த மிகச் சரியான காரியம். மருத்துவருக்கு மருந்தின் பெயரும் சதவீதமும் மிச்ச அளவும் ஒரே பார்வையில் கிடைத்தன. ஜூலியையும் கூடவே ஏற்றினார்கள். அது நன்றாக நடந்துகொண்டிருந்தது, ஆனால் அதன் கண்மணியும் விரிந்திருந்தது.

சிகிச்சை

இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. வயிற்றில் இருப்பதை வெளியேற்றுவது, ரத்தத்தில் இருப்பதைக் குறைப்பது, மூளை தெளியும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பது. மருத்துவர்கள் செய்வது இந்த மூன்றையும்தான்.

தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்து, நாய் தெளிவாகவும் இருந்தால் வாந்தி எடுக்க வைப்பார்கள். இங்கே ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. தள்ளாடும் நாய்க்கு வாந்தி வரவைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது எந்த நேரத்திலும் கூடாது. சின்ன நாயின் ரத்தத்தில் சோடியம் ஏறி, அதுவே வலிப்பைக் கொண்டுவரும். பால் ஊற்றுவதும் உதவாது. இது கொழுப்பில் கரையும் மருந்து.

ஊக்கப்படுத்திய கரித்தூள், கிலோவுக்கு 1 கிராம் என்ற கணக்கில், மணி நாய்க்கு 5 கிராம் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்தப்பட்டது; ஜூலிக்கு 6 கிராம். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பக் கொடுக்கக் காரணம் உண்டு: ஐவர்மெக்டின் கல்லீரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வந்து மறுபடி ரத்தத்தில் ஏறும். அப்படி வரும் ஒவ்வொரு சுற்றிலும் கரி கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். அடுப்புக்கரி இந்த வேலையைச் செய்யாது. மருந்துக்கடைக் கரித்தூளின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் இல்லை.

மணி நாய்க்கு ரத்தநாளம் வழியே 20 சதவீதக் கொழுப்புப் பால்மமும் ஏற்றினார்கள். வழக்கமான அளவு: முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி வீதம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். 5 கிலோ நாய்க்கு 7.5 மில்லி, அடுத்து 30 நிமிடத்தில் 37.5 மில்லி. கொழுப்பில் கரையும் மருந்து மூளையை விட்டு ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகளுக்கு இழுபடும் என்பது இதன் கணக்கு. எல்லா நாயிலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. பம்பு பழுதான நாய்களில் பலிக்காமல் போனதும் உண்டு.

மீதி எல்லாம் பணிவிடை, இந்த நஞ்சில் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. இல்லையென்றால் கீழ்ப்பக்க நுரையீரலில் நீர் கோத்துவிடும். இமைக்காத கண் காய்ந்து புண்ணாகாமல் இருக்கக் களிம்பு. உடம்புச் சூடு குறைந்தால் போர்வை. மூத்திரப்பையை அமுக்கிக் காலி செய்வது. மூச்சு மெலிந்தால் குழாய் போட்டு மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வசதி உள்ள இடத்துக்கு முன்கூட்டியே கொண்டு போய்விடுவது நல்லது. கொங்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஜூலி திங்கள் இரவே சோறு தின்றது. மணி இரண்டு நாள் எழவில்லை, மூன்றாம் நாள் தலை தூக்கியது. பார்வை கடைசியாகத் திரும்பியது: ஐந்தாம் நாள் காலை, பிள்ளை கையில் இருந்த பிஸ்கட்டை மோப்பம் பிடிக்காமல் கண்ணால் பார்த்தே தேடி வந்தது. இந்த நஞ்சில் பார்வை போவது பயமுறுத்தும்; பெரும்பாலான நாய்களுக்குச் சில நாட்களில் திரும்பிவிடும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

குதிரைக்கும் நட்டம்தான்

செவலை துப்பியதுபோக உள்ளே போனது சுமார் 61 மில்லிகிராம், வேண்டியதோ 64.6. தாராளமாக வைத்தும் அளவு குறைந்துவிட்டது. குறைந்த அளவு மருந்தில் தப்பிக்கும் புழுக்கள்தான் அடுத்த தலைமுறையைப் பெருக்கும். மருந்துக்கு அசையாத புழு உருவாவதன் ஒரு வழி இது. அதனால் பதினான்காம் நாள் புது லத்தியை எடுத்துப் புழு முட்டை எண்ணிக்கை பார்க்க வேண்டும். லத்தி விழுந்தவுடன் இரண்டு மூன்று உருண்டையைக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, குளிர்ச்சியாக வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மருந்துக்கு முன்பும் ஒரு மாதிரி எடுத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200 முட்டைக்கு மேல் இருந்தால் மருந்து கொடுப்பது பரவலான வழக்கம். அதற்குக் கீழே இருக்கும் குதிரைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கத் தேவையில்லை.

லத்தியைப் பற்றி அந்த வீட்டில் எழுந்த கேள்வி நியாயமானது: மருந்து லத்தியில்தானே வெளியேறும், நாய் அதைத் தின்றால்? பெரும்பகுதி முதல் நான்கு நாட்களில் லத்தியோடு போய்விடும். ஒரு நாளைக்கு 15 கிலோ என்று வைத்தால் நான்கு நாளில் 60 கிலோ. அதில் 64 மில்லிகிராம் பரவியிருக்கும், கிலோவுக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம். 200 கிராம் தின்ற 6 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். மணிக்கும் ஜூலிக்கும் இது பொருட்டல்ல. கோலி ரத்தம் உள்ள நாய்க்கு, மருந்து உச்சத்தில் இருக்கும் நாளின் லத்தி ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட நாய் இருக்கும் தோட்டத்தில் அந்த நான்கு நாளும் லாயத்தை இருவேளை கூட்டி, குப்பைக்குழியை மூடி வைப்பதுதான் வழி. சாணி வண்டுகளின் குஞ்சுகளையும் இந்த லத்தி கொல்லும் என்பதால் மேய்ச்சல் காட்டில் அதை அப்படியே விடாமல் இருப்பது மண்ணுக்கும் நல்லது.

மாற்றியவை

முதலாவது, நேரம். தீனி போடும் முன் மருந்து. 60 மில்லி சிரிஞ்சில் வெறும் தண்ணீரை எடுத்து வாயின் இரு பக்கமும் பீய்ச்சி அலசிய பிறகே பேஸ்ட். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே, கடிவாளம் உட்காரும் பல்லில்லாத இடைவெளியில் நுழைத்து, நுனியை நாக்கின் பின்பக்கம் நோக்கி வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பிறகு தலைக்கயிற்றைப் பிடித்து முகத்தைச் சற்று உயர்த்தி, தொண்டையில் விழுங்கும் அசைவு தெரியும்வரை விடக்கூடாது. இதற்குப் பத்து நொடி போதும்.

இரண்டாவது, தரை. மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு பழைய யூரியா சாக்கை விரித்துவிட்டால் விழும் கட்டி வெளுப்பாகத் தெரியும். சாக்கோடு சுருட்டி எடுத்துவிடலாம். மண்ணில் விழுந்தால் மண்ணோடு வாரி எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றிப் பரப்பக்கூடாது.

மூன்றாவது, ஆள். நான்கு பேர் குதிரையைப் பிடிக்க இருந்தார்கள், நாயைப் பிடிக்க யாரும் இல்லை. இப்போது அந்த வேலை பிள்ளைகளுடையது: மூடி திறக்கும் முன் நாய்கள் சாளைக்குள், கதவு தாழ், மிச்ச சிரிஞ்சு மூடியோடு அலமாரிக்குள் போனபின்தான் கதவு திறக்கும்.

மாட்டுக்கு வைத்திருக்கும் 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தும் அதே அலமாரிக்குப் போனது. உண்ணிக்கு என்று அதை நாய்க்கு உத்தேசமாகப் போடும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 5 கிலோ நாய்க்கு ஒரு மில்லி போட்டால் கிலோவுக்கு 2 மில்லிகிராம், மணி தின்றதில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப் போனால் அளவு பத்து மடங்காகிவிடும். குதிரைக்கு வரும் மாக்சிடெக்டின் ஜெல்லும் இதே குடும்பம், 2 சதவீதம். அதற்கும் இதே தாழ்ப்பாள்.

செவலைக்கு முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு, அடுத்த முறை டேப்பு வைத்து அளந்து, வாயை அலசி, 350இல் நிறுத்திக் கொடுத்தார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவே வளையம் நிற்குமா என்று மாமா கேட்டார். நிற்கும், நிறுத்தியபின் வளையத்தை விரலால் தள்ளிப் பார்த்து, நழுவவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாயில் வைக்க வேண்டும். பூட்டாத வளையம் நழுவினால் முழுச் சிரிஞ்சும் ஒரே அழுத்தில் வந்துவிடும், வாய் கொள்ளாததெல்லாம் தரையில் விழும்.